தந்தியோடு நின்றுபோன சின்னத் தாத்தா

கேள்வி: எங்கள் தாத்தா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய தம்பி பட்டாளத்தில் சேர்ந்து 1962 சீனப் போரில் காணாமல் போனார். 'மிஸ்ஸிங்' என்று வந்த தந்தி, சீருடையில் ஒரு போட்டோ, இரண்டு கடிதம், இவ்வளவுதான் வீட்டில் இருக்கிறது. சின்னப் பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை, காரியம் செய்யவும் விடவில்லை. இத்தனை வருடம் கழித்து விசாரிக்க முடியுமா? அவர் பெயர் எங்காவது பொறித்திருப்பார்களா? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, நான் வெலிங்டனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். துப்பாக்கி பிடித்த நாளைவிட ரெஜிஸ்டர் பிடித்த நாள்தான் அதிகம், அதனால் போர்க்கதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு வேண்டியது ரெஜிஸ்டர் பிடித்தவனின் பதில்தான்.

முதலில் அந்தத் தந்தியில் இருக்கும் வார்த்தையைப் பார்ப்போம். சண்டை ஓய்ந்ததும் கம்பெனியில் ஆட்களை எண்ணுவார்கள். இறந்தவர் உடல் கண்ணெதிரே இருக்கும், காயம்பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், எதிரி பிடித்துக்கொண்டு போனதை யாராவது பார்த்திருந்தால் கைதி என்று எழுதுவார்கள். இந்த மூன்றிலும் அடங்காதவர்தான் மிஸ்ஸிங். அதாவது, 'எங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை' என்பதைத்தான் அந்த ஒரு வார்த்தை சொல்கிறது. இறந்துவிட்டார் என்றும் அதற்கு அர்த்தமில்லை, இருக்கிறார் என்றும் அர்த்தமில்லை. குண்டடி பட்டு விழுந்ததைப் பக்கத்து டிரெஞ்சில் இருந்தவர் பார்த்துவிட்டு வந்து சொன்னால், 'மிஸ்ஸிங், பிலீவ்ட் கில்ட்' என்று மாறும். காலம் போகப் போக, எந்தத் தகவலும் வராமல் இருந்தால், 'பிரிஸ்யூம்ட் டெட்', அதாவது இறந்ததாகக் கொள்ளப்படுகிறார் என்று ஓர் உத்தரவு வரும். ஏழு ஆண்டு ஒருவரைப் பற்றி, தகவல் தெரிந்திருக்க வேண்டிய யாருக்குமே தகவல் இல்லை என்றால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. புதிய சாட்சியச் சட்டத்தில் அது 111-ஆவது பிரிவாக இருக்கிறது. சம்பளக் கணக்கை முடிக்க, குடும்பப் பென்ஷன் கொடுக்க, அரசாங்கத்துக்கு இப்படி ஒரு தேதி தேவைப்படுகிறது. வீட்டுக்கு அந்தத் தேதி தேவைப்படுவதில்லை. எல்லாச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். அவர் வீட்டுக்காரரும் இப்படித்தான், மிஸ்ஸிங். பென்ஷன் பாரத்தில் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார், ஓர் இடத்தில் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அங்கே 'விதவை' என்று அச்சடித்திருந்தது. "அந்த வார்த்தையை மட்டும் அடிச்சிட்டுக் குடுங்க, போடறேன்" என்றார். நான் அப்போது சின்னப் பையன், மண்டையில் ரூல் புத்தகம்தான் இருந்தது. "பணம் வேண்டாமாம்மா?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். ஒரு மாதம் கழித்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார், என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அந்த ஒரு மாதம் அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன். உங்கள் சின்னப் பாட்டி தாலியைக் கழற்றாததை அறியாமை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தந்தியில் என்ன எழுதியிருந்ததோ அதை அப்படியே நம்பினார், அவ்வளவுதான்.

சரி, 1962-க்கு வருவோம். அந்தப் போரில் இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் 1,383 பேர், காணாமல் போனவர்கள் 1,696 பேர், சீனர்களிடம் கைதியானவர்கள் 3,968 பேர் என்பதுதான் அரசுத் தரப்புக் கணக்கு. இறந்ததாக உறுதியானவர்களைவிடக் காணாமல் போனவர்கள் அதிகம் என்பதைக் கவனியுங்கள். ஜெயித்த படை சண்டை நடந்த இடத்திலேயே நிற்கும், தன் ஆட்களைத் தேடி எடுக்கும். பின்வாங்கும் படைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அக்டோபர் 20-ஆம் தேதி, இன்றைய அருணாசலத்தில் இருக்கும் நம்கா சூ ஆற்றங்கரையில் அடி விழுந்தது, நவம்பர் மூன்றாவது வாரத்தில் அதே பக்கத்துச் சேலா கணவாய், பொம்டிலா ஊர் இரண்டும் விழுந்தன, 21-ஆம் தேதி சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. இடையில் இருந்த ஒரு மாதத்தில் பனிக்கான உடுப்பு இல்லாமல், சாப்பாடு இல்லாமல், காட்டு வழியாகவும் பூட்டான் வழியாகவும் சிதறி நடந்தவர்களில் எத்தனையோ பேர் குண்டு படாமலே குளிரிலும் பசியிலும் போனார்கள். குன்னூர்க் குளிரில் வளர்ந்தவன் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், ஆனால் ஊட்டியில் ஜனவரியில் புல்லின் மேல் படியும் உறைபனி எங்கே, பதினான்காயிரம் அடி உயரத்தில் கால் விரல் கறுத்துப் போகும் குளிர் எங்கே. கைதிகளை 1963-இல் தொகுதி தொகுதியாக அனுப்பி வைத்தார்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் வீட்டில்தான் காத்திருப்பு நீண்டது.

லடாக் பக்கம் ரெசாங் லாவில் நடந்தது வேறு மாதிரி. நவம்பர் 18-ஆம் தேதி 13-ஆவது குமாவூன் பட்டாலியனின் ஒரே கம்பெனி கடைசி வரை நின்றது, 114 பேர் இறந்தார்கள். தப்பி வந்த ஓரிருவர் சொன்னதை முதலில் யாரும் முழுசாக நம்பவில்லை என்பார்கள். பனி இளகிய பிறகு, 1963 பிப்ரவரி வாக்கில், ஓர் ஆட்டிடையர் கண்ணில் பட்டுத்தான் உடல்கள் கிடைத்தன, துப்பாக்கி பிடித்தபடியே உறைந்துபோய். அவர்களுக்குத் தலைமை தாங்கிய மேஜர் சைத்தான் சிங்குக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் அவர்களும் காகிதத்தில் காணாமல் போனவர்கள்தான். ஓர் இடையன் வேறு பக்கம் மேய்க்கப் போயிருந்தால் இன்றைக்கும் அப்படியே இருந்திருப்பார்கள்.

"இத்தனை வருடம் கழித்து" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐம்பது வருடம் கழித்தும் கிடைத்திருக்கிறது, பொய் சொல்லவில்லை. 1968 பிப்ரவரி 7-ஆம் தேதி சண்டிகரிலிருந்து லே போன ஏ.என்.-12 விமானம் 102 பேரோடு இமாசலத்தின் ரோதாங் கணவாய்ப் பக்கம் மறைந்தது. 2003-இல் மலையேற்றக்காரர்கள் பனியாற்றில் அதன் உடைசலைக் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறமும் தேடித் தேடி, 2024-இல் இன்னும் நாலு பேருடைய உடல் கிடைத்தது. அதில் ஒருவர் நம் பக்கத்து மாநிலத்துக்காரர், பத்தனம்திட்டை எலந்தூரைச் சேர்ந்த தாமஸ் செரியன். காணாமல் போனபோது வயது 22, வீடு திரும்பியது 56 வருடம் கழித்து. சியாச்சினில் 1984 மே மாதம் பனிச்சரிவில் போன லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலாவை 2022 ஆகஸ்டில் எடுத்தார்கள், கழுத்துத் தகட்டில் இருந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. நம் தாம்பரத்திலிருந்து 2016 ஜூலை 22-ஆம் தேதி போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32, 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனதே, அதன் உடைசல்களை ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையில் இருக்கும் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் படம் பிடித்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பனியும் ஆழ்கடலும் வைத்திருந்து கொடுக்கும், அருணாசலத்து மழைக்காடு அப்படி இல்லை. உங்கள் சின்னத் தாத்தா கிழக்கு முனையில் இருந்திருந்தால் உடல் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு தேடலை ஆரம்பிக்காதீர்கள். காகிதம் கிடைக்கும். எந்த மலை, எந்த நாள், யாரோடு இருந்தார் என்பது வரைக்கும் போக முடியும். அது சின்ன விஷயம் இல்லை.

இந்த இடத்தில் 1971 பாகிஸ்தான் போர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் தேட ஆரம்பித்தவுடன் '54 பேர் இன்னும் பாகிஸ்தான் சிறையில்' என்ற வீடியோக்கள்தான் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அதில் உண்மை எவ்வளவு? 1979-இல் நாடாளுமன்றத்தில் அரசாங்கமே 40 பேர் பட்டியலை வைத்தது, பிறகு அது 54 ஆனது. வெறும் வதந்தி என்று தள்ள முடியாத தடயங்களும் இருந்தன. மேஜர் அசோக் சூரியின் அப்பாவுக்கு மகன் கையெழுத்தில், கராச்சியிலிருந்து கடிதம் வந்தது, போர் முடிந்து மூன்று வருடம் கழித்து. ஃபிளைட் லெப்டினன்ட் விஜய் தாம்பேயின் மனைவி தமயந்தி தாம்பே இறகுப்பந்தில் தேசிய சாம்பியன், கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில் கணவரை இழந்தார், இல்லை, இழந்தாரா என்று தெரியாமலே ஆயுள் முழுக்கப் போராடினார். 1983-இலும் 2007-இலும் உறவினர்களைப் பாகிஸ்தான் சிறைகளுக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள், 2007-இல் போனவர்கள் 14 பேர். யாரும் கிடைக்கவில்லை. 2008 ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1 அன்றும் இரண்டு நாடும் கைதிப் பட்டியலை மாற்றிக்கொள்ளும்போது, காணாமல் போன படைவீரர்களையும் விடுவியுங்கள் என்று இந்தியா கேட்டு வருகிறது. எங்களிடம் யாரும் இல்லை என்பதுதான் அந்தப் பக்கத்துப் பதில்.

குடும்பங்களின் ஆதங்கம் என்னவென்றால், நம் கையில் 93,000 கைதிகள் இருந்தார்கள், 1972 சிம்லா ஒப்பந்தத்துக்கு அப்புறம் அத்தனை பேரையும் அனுப்பினோம், அப்போதே நம் கணக்கை நேர் செய்திருக்கக் கூடாதா என்பது. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. அந்தப் போரை நடத்திய மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு நம் குன்னூரில்தான் இருந்தார், 2008-இல் வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இறந்தார், ஊட்டி பார்சி கல்லறையில் அடக்கம். அந்தக் கல்லறைக்கு இன்றும் ஆட்கள் பூ வைக்கப் போகிறார்கள். அவர் கீழே சண்டை போட்டவர்களில் சிலருக்குப் பூ வைக்க ஓர் இடம் இல்லை என்பது அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனதில் வரும்.

வீடியோக்களை விடுங்கள். அன்றைக்கு இருபது வயதில் பிடிபட்டவருக்கே இன்றைக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். நம்பிக்கையைக் காசாக்குகிறவர்களிடம் உங்கள் வீட்டுப் போட்டோவைக் கொடுத்துவிடாதீர்கள். அதே சமயம், திரும்பவே மாட்டார்கள் என்று அடித்துச் சொல்வதற்கும் இல்லை. கார்கில் சமயத்தில், 1999-இல், காணாமல் போன ஒரு வீரர் 2004-இல் பாகிஸ்தானிலிருந்து உயிரோடு வந்தார். அதற்குள் அவர் மனைவிக்கு மறுமணம் ஆகி, வயிற்றில் பிள்ளை. ஊர்ப் பஞ்சாயத்து, டிவி கேமரா என்று அந்தப் பெண்ணைப் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. உங்கள் சின்னப் பாட்டி எதற்குப் பயந்தாரோ, எதை எதிர்பார்த்தாரோ, அது இரண்டுமே நடக்கக் கூடியதுதான்.

இனி வேலையைப் பார்ப்போம்.

தந்தியை முதலில் ஒரு நல்ல ஸ்கேன் எடுங்கள், லேமினேட் செய்ய மட்டும் கொடுக்காதீர்கள், சூட்டில் பழைய மை போய்விடும். அதில் ஓர் எண் இருக்கும், பெயருக்கு முன்னால். படை எண். அதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. பெயர் தப்பாகலாம், எண் தப்பாகாது. பெயரை நம்பாதீர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆளெடுப்பில் உட்கார்ந்திருந்த கிளார்க் எந்த ஊர்க்காரரோ, அவர் காதில் விழுந்ததுதான் பெயர். போஜன் பூஜன் ஆவார், பெள்ளன் பல்லன் ஆவார், முனுசாமி முன்னாசாமி ஆவார். ஒரே ஆளுக்கு மூன்று காகிதத்தில் மூன்று எழுத்துக்கூட்டு இருப்பதை நானே பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று என் கைவேலையாகவும் இருக்கலாம். வயதையும் நம்ப வேண்டாம், பதினாறை பதினெட்டாக்கிச் சேர்ந்தவர்கள் ஏராளம். ஊர்ப் பெயருக்கு நேரே தமிழ்நாடு என்று தேடினால் வராது, அன்றைக்கு மெட்ராஸ் மாநிலம், 1969-இல்தான் பெயர் மாறியது.

எண் படிக்கிற மாதிரி இல்லை என்றால் போட்டோவைப் பெரிதாக்கித் தொப்பி பேட்ஜைப் பாருங்கள். யானை இருந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட், நமக்குப் பக்கத்துத் தெரு. பீரங்கி என்றால் ஆர்ட்டிலரி. ஒரு காலில் நின்று ஓடுகிற மாதிரி ஓர் உருவம் என்றால் சிக்னல்ஸ். இது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு படைக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் தனித்தனி ஊரில். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக், இ.எம்.இ. என்கிற மின், இயந்திரப் பொறியாளர் படைக்கு செகந்திராபாத். வெலிங்டனில் சேர்ந்தார் என்பதாலேயே மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த ஒரு தப்பால் வருடக்கணக்கில் தவறான கதவைத் தட்டிக்கொண்டு இருந்த குடும்பங்கள் உண்டு.

கடிதங்களின் உறையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உள்ளே 'நலம், நலமறிய ஆவல், அங்கே மழை எப்படி' என்றுதான் இருக்கும், தணிக்கைக்குப் பயந்து எந்த ஜவானும் இடத்தை எழுத மாட்டான். உறையில் யூனிட் பெயரும், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண்ணும் இருக்கும். 99 என்றால் கிழக்குப் பக்கம். 56 என்றால் எதையும் முடிவு செய்ய வேண்டாம். யூனிட் பெயர் கிடைத்துவிட்டால், அது 1962 அக்டோபர், நவம்பரில் எங்கே இருந்தது என்பது பொது வரலாற்றிலேயே கிடைக்கும்.

அப்புறம், சின்னப் பாட்டிக்குப் பென்ஷன் வந்ததா என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். வந்திருந்தால் பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு ஒன்று இருக்கும், அதன் எண்ணை வைத்துப் பழைய கோப்புக்குப் போகலாம். வரவில்லை என்றால் கொஞ்சம் கஷ்டம். பென்ஷன் இல்லாமல் படையை விட்டவர்களின் ஷீட் ரோல் என்கிற பணிப் பதிவு முதலிய காகிதங்களை 25 வருடத்துக்கு அப்புறம் அழித்துவிடலாம் என்பது விதி. அதனால் 'ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது' என்று பதில் வந்தால் மனம் உடைந்து விட்டுவிடாதீர்கள், லாங் ரோல் என்று ஒரு ரெஜிஸ்டர் உண்டு, அதை அழிப்பதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு வரிதான் இருக்கும்: எண், பெயர், சேர்ந்த தேதி, எப்படி வெளியேறினார், எந்தத் தேதியில். உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரி. ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதும்போதே, 'லாங் ரோல் பதிவின் நகலும், காணாமல் போனதையும் இறந்ததாகக் கொள்ளப்பட்டதையும் அறிவித்த பார்ட் டூ ஆர்டரின் நகலும்' என்று குறிப்பாகக் கேளுங்கள். பார்ட் டூ ஆர்டர் என்பது ஒரு ஆளின் நிலையில் வரும் மாற்றத்தைப் பதிவு செய்து போடும் உத்தரவு. 'என் தாத்தா பற்றிய எல்லா விவரமும் தேவை' என்று எழுதினால் ஒன்றும் வராது, எதைத் தேடுவது என்று கிளார்க்குக்கே தெரியாது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. உறவு முறைக்கு ஆதாரம் சேர்த்து வையுங்கள். ஊட்டியில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள், ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத அவர்களும் உதவுவார்கள். காலையில் போங்கள்.

பெயர் பொறித்திருப்பார்களா என்று கேட்டீர்கள். டெல்லியில் 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், தியாகச் சக்கரம் என்கிற வட்டச் சுவர்களில் கருங்கல் பலகைகளில் 25,000-க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, 1962-இல் இறந்தவர்களும் அதில் உண்டு. இணையதளத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம். எழுத்துக்கூட்டை நாலு விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். இல்லை என்றால், இறந்ததாகக் கொண்ட உத்தரவின் நகலோடு எழுதிக் கேட்கலாம். அதனால்தான் முதலில் காகிதம் என்கிறேன்.

பெயர் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். முதல் உலகப் போரில் ஈராக் பக்கம் செத்தவர்களுக்காகப் பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, 40,000-க்கு மேற்பட்டவர்களுக்கு. வெள்ளைக்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு ரெஜிமென்ட் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். நூறு வருடம் கழித்து, 2021-இல்தான், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இது பாரபட்சம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் பக்கத்துக் கிராமங்களிலும், 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள்' என்று ஆங்கிலக் கல்வெட்டு பார்த்திருப்பீர்கள். எத்தனை என்று இருக்கும், யார் என்று இருக்காது. பட்டாளத்துக்காரருக்காவது எண்ணிக்கை இருக்கிறது. இரண்டாம் போரில் சயாம் ரயில் பாதை போட மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போன தமிழர்களுக்கு அதுகூட இல்லை. சரி, அது தனிக் கதை.

அமெரிக்காவில் செப்டம்பர் மூன்றாம் வெள்ளிக்கிழமையைக் காணாமல் போன வீரர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். படை விருந்துகளில் ஒரு சின்ன மேசையைத் தனியாகப் போட்டு, ஒரு நாற்காலி, கவிழ்த்து வைத்த ஒரு டம்ளர், தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டும் கொஞ்சம் உப்பும் வைப்பார்கள். கேள்விப்பட்டபோது எனக்கு நம் வீட்டுப் படையல் இலைதான் ஞாபகம் வந்தது. உப்பு வைப்பதில் மட்டும் வித்தியாசம்.

காரியம் விஷயம். உடல் கிடைக்காதவருக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருந்து, தர்ப்பையில் உருவம் செய்து சடங்கு செய்கிற வழக்கம் நம்மிடம் பழையது. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சின்னப் பாட்டி இருந்தவரை வேண்டாம் என்று சொன்னதை மீறி இப்போது செய்யலாமா என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. என்னைக் கேட்டால், அவருக்குத் திதி கொடுக்கும் நாளில் இவர் பெயரையும் பக்கத்தில் சொல்லுங்கள், போதும். தனியாக ஒரு நாள் வைத்து 'இன்றோடு இறந்தார்' என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டியதில்லை.

கல் வைக்க விரும்பினால் தாராளமாக வையுங்கள். நடுகல் வைத்த ஊர் நமது. அடியில் உடல் இருந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, பெயரும் அவன் செய்ததும் கல்லில் இருந்தால் போதும். ஆனால் 'வீரமரணம்' என்று பொறிக்க வேண்டாம். பெயர், எண், யூனிட், பிறந்த ஊர், '1962 சீனப் போரில் காணாமல் போனார்' என்று இருப்பதை இருக்கிறபடியே பொறியுங்கள். நாளைக்கு ஏதாவது ஒரு மலையில் ஒரு தகடு கிடைத்து யாராவது தேடி வந்தால், பொருத்திப் பார்க்க அந்த எண்தான் உதவும். பெயர்ப் பலகைக்காரர் 'அமரர்' என்று அவராகவே சேர்ப்பார், அச்சுக்குப் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தபோது வெலிங்டன் முழுக்க மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தது. நம் மாநிலத்துக்காரர்கள் மட்டும் நாலு பேர். அந்தப் பத்துப் பேரில் ஹனுமந்தப்பா என்பவர் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்து, மூன்று நாளில் போய்விட்டார். மற்றவர்களை நாய்களையும் இயந்திரங்களையும் வைத்து ஐஸை வெட்டி வெட்டி எடுத்தார்கள், அத்தனை பேரும் பெட்டியில் ஊர் வந்து சேர்ந்தார்கள். 2021 டிசம்பரில் காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தபோதும், டி.என்.ஏ. பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரையும் விட்டுவிடக் கூடாது என்கிற பிடிவாதம் இன்றைக்குப் படையில் அதிகம், வசதியும் அதிகம். 1962-இல் இரண்டும் இல்லை.

டிசம்பர் 16 அன்று வெலிங்டன் போர் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைப்பார்கள். அது 1971-க்கான நாள்தான், இருந்தாலும் போய்ப் பாருங்கள், நலச் சங்கத்துப் பெரியவர்கள் யாராவது மூலமாகச் சொல்லிவைத்தால் உள்ளே விடுவார்கள். பழைய ஆட்கள் மெடலைக் குத்திக்கொண்டு, மங்கி கேப்போடு, கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் அறுபத்திரண்டுக்குப் போனவர் இனி கிடைப்பது அபூர்வம். ஆனால் அறுபத்திரண்டுக்குப் போனவரோடு பேரக்ஸில் ஒன்றாக இருந்தவர் கிடைக்கலாம். போட்டோவைக் கையோடு கொண்டுபோங்கள்.

போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. அதன் பின்பக்கம் பார்த்தீர்களா? அந்தக் காலத்துக் குன்னூர் ஸ்டுடியோக்களில் எடுத்தால் பின்னால் முத்திரையும் தேதியும் போடுவார்கள், ஊருக்கு அனுப்பும் ஜவான் தன் எண்ணையும் பென்சிலில் எழுதிவைப்பான். சட்டத்திலிருந்து மெதுவாகக் கழற்றிப் பாருங்கள், ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஏதாவது எழுதியிருந்தால் என்ன என்று சொல்லுங்கள், ஆனால் முழு எண்ணையும் இங்கே போடாதீர்கள், முதல் இரண்டு இலக்கம் போதும், எந்த ரெக்கார்ட் ஆபீஸ் என்று பார்த்துச் சொல்கிறேன்.